பஸ்ஸில் வந்திறங்கிய முடிவுகள்

ஒரு விடுகதை போடுகிறேன், அவசரப்படாமல் யோசித்துச் சொல். நீ எழுதாதவரை அது பிறக்காது. பிறக்கும்போதே அதற்கு உன்னைவிட வயது அதிகம். முகம் உன்னுடையது, மச்சம் உன்னுடையது, ஆனால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் உனக்கு உட்கார இடம் இருக்காது. அது என்ன? தம்பிப் பாப்பா என்று சொல்லாதே. தம்பி உன்னைவிட இளையவன், அவனை நீ தூக்கிக்கொள்ளலாம். பேய் என்றும் சொல்லாதே. பேய் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காது. தெரியவில்லை என்றால் பரவாயில்லை, செம்மாம்பாளையத்தில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: அது பரீட்சையின் முடிவு.

செம்மாம்பாளையத்தில் ஒரு பக்கம் முட்டைப் பண்ணைகள், இன்னொரு பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், இரண்டுக்கும் நடுவில் ஒரு மெட்ரிக் பள்ளி. அந்த ஊரில் தயாராகாமல் யாரும் எதையும் எழுதியதில்லை. ஓவியப் போட்டிக்கு டியூஷன் உண்டு, மாறுவேடப் போட்டிக்கு டியூஷன் உண்டு, கோயில் திருவிழாவில் நடக்கும் கோலிக்குண்டு கரண்டிப் போட்டிக்குக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பயிற்சி கொடுப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் என்று கண்டுபிடிக்க ஓர் ஆளுமைத் தேர்வு வைக்கப்போவதாகப் பள்ளியின் தாளாளர் அறிவித்தார். தேர்வு வைக்கக் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று மெதுவாக விளக்கினார்.

"இதுல சரியான விடை, தப்பான விடைன்னு எதுவும் கிடையாதுங்க. உங்க பிள்ளை எப்படிப்பட்டதுன்னு அதுவே சொல்லப்போகுது. அதை வெச்சு அதுக்கு எந்த வேலை ஒத்துவரும்னு நாங்க சொல்லுவோம். அவ்வளவுதான்."

"ஏனுங்க சார், மார்க் எத்தனைக்குங்க?" என்று கேட்டார் ஒரு பட்டறைக்காரர்.

"மார்க்கே இல்லீங்க."

"மார்க் இல்லாம எதுக்குங்க பரீட்சை? பசங்க வீட்டுலயே உக்காந்து பேசிக்கலாமே."

கூட்டம் சிரித்தது. சங்கவி என்ற பெண்ணின் தாய் பரிமளா மட்டும் சிரிக்காமல் கையைத் தூக்கி, "நெகடிவ் மார்க் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

தேர்வுக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் நம்பவில்லை. அவர் போன பிறகு கணக்கு ஆசிரியர் அங்கமுத்து கதவைச் சாத்திவிட்டு, "சரி தப்பு இல்லேன்னு சொல்றவன் சரியை எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கான். அதை நான் எடுத்துத் தர்றேன். உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். என்ன வேண்டும் என்று யாரும் கலந்து பேசவில்லை. எல்லா வாய்களிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே சொல்தான் வந்தது. டாக்டர்.

அங்கமுத்து எங்கெங்கோ அலைந்து, யார் யாரையோ விசாரித்து, எந்தெந்த விடையை எழுதினால் டாக்டர் என்று முடிவு வருமோ அந்த விடைகளைத் தேடிக் கொண்டுவந்தார். மாலை வகுப்புகள் தொடங்கின. அவர் கேள்வியைச் சொல்ல, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதுபோல விடையைச் சொன்னார்கள். அவசரத்தில் முடிவெடுப்பீர்களா? ஒருபோதும் இல்லை. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பீர்களா? எப்போதும். அழுகை வருமா? அரிதாக. யாரை அதிகம் பிடிக்கும்? எல்லோரையும் சமமாக. முட்டைப் பண்ணையில் வேலை முடிந்து திரும்பும் பெண்கள் பள்ளிச் சுவருக்கு வெளியே நின்று, தங்கள் பிள்ளையின் குரல் அந்தக் கோஷத்தில் எங்கே இருக்கிறது என்று காதைச் சாய்த்துக் கேட்டார்கள். எல்லாக் குரலும் ஒன்றாகிவிட்டதால் ஒருத்திக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதையே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு குரல் மட்டும் அதில் இல்லை. அனுசியாவுக்கு அம்மை போட்டிருந்தது. அவள் தாய் வளர்மதி வாசலில் வேப்பங்கொத்து செருகிவிட்டாள். அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள், வீட்டிலிருப்பவர்களும் வெளியே போகமாட்டார்கள், அம்மை போட்ட பிள்ளை கண்ணை வருத்திப் படிக்கவும் கூடாது. பரிமளா தெருவில் நின்றபடியே, "அங்கமுத்து சார் கொடுத்த ஆன்சர் கீயை ஜன்னல் வழியா வீசட்டுமா, வளரு?" என்று கேட்டாள். "வேண்டாங்கக்கா, ஆத்தா வந்திருக்கறப்ப காகிதத்தை உள்ளே விடக்கூடாது. தண்ணி ஊத்தினதுக்கப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் வளர்மதி. ஆனால் அனுசியாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளே தேர்வு வந்துவிட்டது.

அவள் மூக்கில் ஒரு தழும்போடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். மற்ற பிள்ளைகள் தலையைத் தூக்காமல் வட்டங்களை நிரப்பி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து தேர்வுக்காரரிடம் போனாள்.

"சார், கோபம் வருமான்னு கேட்டிருக்குது. யார் மேலங்க?"

அந்த மனிதர் அன்று முதல்முறையாகச் சந்தோஷப்பட்டதுபோலத் தெரிந்தது. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி எழுதும்மா" என்றார்.

அவள் அப்படியே எழுதினாள். சில கேள்விகளுக்கு இரண்டு வட்டங்களை நிரப்பினாள், ஏனென்றால் இரண்டுமே உண்மையாக இருந்தன. சிலவற்றை அழித்து மாற்றினாள். ஒன்றை விட்டுவிட்டாள், அதற்கு விடை அவளுக்குத் தெரியவில்லை.

முடிவுகள் காலை பஸ்ஸில் வந்தன. தபாலில் வரும், இல்லாவிட்டால் பள்ளியின் பலகையில் ஒட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த ஊர், பஸ் வழக்கத்துக்கு மாறாக நிரம்பி வழிந்து வருவதைப் பார்த்து, பக்கத்து ஊரில் ஏதோ கல்யாணம் என்றுதான் முதலில் நினைத்தது. கதவு திறந்தது. நடுத்தர வயது ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோர் தோளிலும் வெள்ளைக் கோட்டு மடித்துப் போடப்பட்டிருந்தது, எல்லோரும் இடது காலை முதலில் ஊன்றினார்கள், எல்லோரும் இறங்கியதும் புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அங்கே நின்றவர்களிடம் தங்கள் வீட்டுக்கு எப்படிப் போவது என்று பணிவாகக் கேட்டார்கள். டீக்கடைக்காரர் ஒரு முகத்தை உற்றுப் பார்த்தார், அடுத்த முகத்தைப் பார்த்தார், பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, "நம்ம பிள்ளைகளோட ரிசல்ட்டு வந்திருச்சு" என்று உள்ளே திரும்பி மனைவியிடம் சொன்னார். அவள், "அப்ப பால் இன்னும் கொஞ்சம் வாங்கோணும்" என்றாள்.

அனுசியாவின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் சங்கவியின் முடிவு போய் நின்றது. சங்கவியின் சுருட்டை முடி, சங்கவியின் கன்னத்து மச்சம், ஆனால் பரிமளாவைவிட மூத்த ஓர் அம்மாள். பரிமளா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தன்னைவிட வயதான தன் மகளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள்.

"வாங்க... வா சாமி... வாங்க டாக்டரம்மா."

"வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றாள் டாக்டரம்மாள். அதே நேரத்தில், தெருவிலிருந்த மற்ற எல்லா வாசல்களிலும் அதே சொற்கள் அதே குரலேற்றத்தில் கேட்டன.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்கிறாயா? கல்யாணமாகி வந்த மருமகளை ஏற்றுக்கொள்வதுபோல ஏற்றுக்கொண்டது. முதலில் எங்கே படுக்கவைப்பது என்ற கவலை, பிறகு என்ன சாப்பிடுவார்கள் என்ற கவலை, பிறகு பெருமை. வீட்டுக்கு வீடு பெயர்ப்பலகை ஏறியது. துவைத்த வெள்ளைக் கோட்டுகள் கொடிகளில் வரிசையாக ஆடியதைப் பார்த்தால் ஊரே கொக்கு வந்து தங்கிய குளம்போல இருந்தது. பள்ளியின் வாசலில் தாளாளர் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் எல்லா டாக்டர்களும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு ஒரே மாதிரி சிரித்தார்கள். ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. முடிவே வந்துவிட்ட பிறகு பாடம் எதற்கு என்று பத்தாம் வகுப்பைப் பூட்டினார்கள். டாக்டர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் நோகுமே என்று, ஒன்றும் இல்லாதவர்கள்கூடச் சளி என்றும் கைகால் உளைச்சல் என்றும் சொல்லிக்கொண்டு முறைவைத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் ஒரே பேச்சுதான்: "பயப்பட வேண்டாம், பொறுமையா பாக்கலாம்."

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், பண்ணையில் தீவன மூட்டையைத் தூக்கிய மாரப்பன் என்ற காவலாளியைக் கட்டுவிரியன் கடித்தது. அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து பள்ளி மைதானத்தில் வைத்தார்கள். ஊரிலிருந்த அத்தனை டாக்டர்களும் உடனே வந்தார்கள். வட்டமாக நின்றார்கள். அவசரத்தில் முடிவெடுப்பது அவர்கள் இயல்பில் இல்லை. மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது அவர்கள் இயல்பு. ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவர் பேசட்டும் என்று மரியாதையோடு காத்திருந்தார்கள்.

"ஏதாச்சும் சொல்லுங்க சாமி!" என்று கதறினாள் மாரப்பனின் மனைவி.

"நீங்க சொல்லுங்க" என்றார் ஒரு டாக்டர் இன்னொருவரிடம். "இல்லை, நீங்க சொல்லுங்க" என்றார் அவர். அந்தச் சொல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றி முடியவில்லை, மாரப்பனின் மூச்சு முடிந்துவிட்டது. டாக்டர்கள் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். ஒருவரும் அழவில்லை.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. "சுத்தி இத்தனை டாக்டருங்க நின்னும் உசுரு போச்சுன்னா, அது விதியில்லாம என்னங்க?" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

இதற்கிடையில் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நீ கேட்கவேயில்லை. பார்த்தாயா, ஊரும் அப்படித்தான் கேட்காமல் விட்டது. யாரும் அவர்களைத் துரத்தவில்லை, திட்டவில்லை. டாக்டருக்கு இலை போட்டுப் பரிமாறும் மும்முரத்தில் பிள்ளைக்குத் தட்டு வைப்பது ஒருநாள் விட்டுப்போனது, பிறகு அடிக்கடி விட்டுப்போனது. டாக்டர் படுக்க அறை கொடுத்ததில் பிள்ளையின் பாய் கூடத்துக்கு வந்தது, கூடத்திலிருந்து தாழ்வாரத்துக்குப் போனது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் டாக்டர்தான் "சொல்லுங்கம்மா" என்று திரும்பினார், ஆகவே அந்தப் பெயரில் பிள்ளைகளை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத பிள்ளைகள் மெலிந்தார்கள். வெயிலில் வெகுநாள் கிடந்த துணிபோல அவர்கள் நிறம் வெளுத்தது, காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சங்கவி சாப்பிட அனுசியாவின் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். முதலில் விளையாட வந்தவள்போல வந்தாள், பிறகு நேராகத் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உங்கம்மா எதுவும் செய்யலையா?" என்று கேட்டாள் அனுசியா.

"செஞ்சாங்க. டாக்டருக்கு நெய் ஊத்திப் போட்டாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அம்மா என் மேல கை ஊணி எந்திரிச்சாங்க, அனு. தூணுன்னு நினைச்சுட்டாங்களாட்டம் இருக்குது." சங்கவி இதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ரசத்தை உறிஞ்சிக் குடித்தாள்.

அன்று அவளைக் கொண்டுபோய் விட அனுசியாவும் கூடப் போனாள். பரிமளா வாசலில் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நுழையப் போன சங்கவியைத் தடுத்து, பட்டனில்லாத அவள் சட்டையை இழுத்துச் சரிசெய்து, மிகுந்த இரக்கத்தோடு, "நீ யார் வீட்டுப் பிள்ளை கண்ணு? வெளிச்சம் போறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரு. உங்கம்மா தேடுவாங்கல்ல?" என்றாள்.

சங்கவி அந்த முகத்தைப் பார்த்து, "சரிங்க" என்றாள். பிறகு தெருவின் கோடியிலிருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கே ஏற்கெனவே அவள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் வந்தது. கண்டக்டர் அவர்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. "அத்தனை பேரு வந்து இறங்கினாங்க, வண்டி வெறுமனே திரும்பிப் போகலாமா? ஏறுங்க, ஏறுங்க" என்றார். எங்கே போகிறது என்று பிள்ளைகளும் கேட்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சில பிள்ளைகள் அந்த பஸ்ஸில் ஏறினார்கள். கொடிகளில் அவர்கள் சீருடைகள் காயாததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அனுசியா மட்டும் மெலியவில்லை. காரணம், அவளுடைய முடிவு வந்து சேர்ந்த விதம்.

மற்றவர்கள் வந்திறங்கிக் கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம், ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஊர்ப் பலகையைத் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள் ஒரு பெண்மணி. மூக்கில் அம்மைத் தழும்பு இருந்தது. வெள்ளைக் கோட்டு இல்லை, ஒரு துணிப்பை இருந்தது. வளர்மதி அவளை உள்ளே அழைத்து, மோர் கொடுத்து, "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் படிச்சேன். நடுவுல நிறுத்தினேன். மறுபடி படிச்சேன்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"நாலஞ்சு வேலை பாத்தேன். ஒண்ணு ரொம்பப் புடிச்சிருந்துச்சு, அதைவிட்டுத் துரத்திட்டாங்க. இப்பத்திக்கு எதுவும் இல்லைங்கம்மா."

வளர்மதி மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் கணவன் சென்னியப்பன் நாக்பூரிலிருந்து போனில் பேசினான். வடக்கே லாரி ஓட்டுகிறவன். "நம்மூட்டுக்கு வந்துருச்சா? டாக்டர்தானே?" என்றான். கூடவே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சக டிரைவர்களுக்கு இனிப்பு வாங்கி வைத்திருந்தான் போலிருக்கிறது.

"வந்திருக்குதுங்க" என்றாள் வளர்மதி. "எதுன்னுதான் இன்னும் தெரியலைங்க."

பெரிய அனுசியா அந்த வீட்டில் தங்கினாள். அவளுக்குக் கோபம் வந்தது, பாலை அடுப்பில் மறந்து பொங்கவிட்டாள், மாரப்பன் செத்த அன்று அவர் மனைவியைத் தவிர ஊரிலேயே அவள் ஒருத்திதான் மைதானத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சாப்பிட உட்காரும்போது தனக்கு முன்பாகச் சின்ன அனுசியாவின் தட்டை எடுத்துவைத்தாள். ஏதாவது கேட்டால், "நீ என்ன நினைக்கிற?" என்று அவளையே திருப்பிக் கேட்டாள். முடிவு முடியாமல் இருந்ததால், பிள்ளைக்கு அந்த வீட்டில் இடம் இருந்தது.

ஆனால் வளர்மதிக்கு ஊரில் இடம் குறைந்தது. பண்ணையில் முட்டைகளை அட்டையில் அடுக்கும் பெண்கள் அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள். "உங்கூட்டுல வந்திருக்கறது என்ன டாக்டர் வளரு, கண்ணா, பல்லா?" என்று ஒருத்தி கேட்க, "ஒரு வேளை மாட்டு டாக்டரோ என்னமோ" என்று இன்னொருத்தி சொல்ல, உடைந்த முட்டைகளைக் கழிக்கும் சாக்கில் வளர்மதி அங்கிருந்து நகர்ந்துபோவாள். கடைசியில் தாளாளரே வீட்டுக்கு வந்தார்.

"ஃபிளெக்ஸ்ல ஒரு கட்டம் காலியா நிக்குதும்மா. நூறு பர்சன்ட்டுன்னு போட முடியலை" என்றார். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால வந்த வினை, யாரையும் குத்தம் சொல்லலை. திங்கட்கிழமை தனியா எழுதட்டும். அங்கமுத்து சாரோட ஆன்சர் கீயைப் பக்கத்துலயே வெச்சுக்கட்டும். அடுத்த நாள் டாக்டர் வந்துருவாங்க."

"அப்ப இவங்க?" என்றாள் வளர்மதி, உள்ளே பார்த்து.

"வந்த பஸ்ஸுலயே போயிக்குவாங்க."

அவர் போனதும் அனுசியா சொன்னாள்: "அம்மா, எழுதினா நானும்தான் போகோணும். சங்கவி போன மாதிரி."

"என்ன பேச்சு பேசற? பெத்தவ நான் உன்னை மறப்பனா?"

"பரிமளா அத்தை மறந்துட்டாங்க. வா, காட்டறேன்."

அவள் தாயின் கையைப் பிடித்து அடுத்த வீட்டுக்கு அழைத்துப்போனாள். பரிமளா அடுப்படியில் இருந்தாள்.

"அத்தை, சங்கவி எங்கே?"

"டாக்டரம்மா குளிக்கறாங்க கண்ணு. இரு, வருவாங்க."

"டாக்டரம்மா இல்லீங்கத்தை. சின்னச் சங்கவி. என்கூடப் படிச்சவ."

பரிமளா உண்மையாகவே யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, தெருவிலுள்ள வீடுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கடந்து போய்ப் பார்த்தாள். "அந்தப் பேர்ல சின்னப் பிள்ளை இந்தத் தெருவுல யாரும் இல்லையே" என்று சொல்லிவிட்டு, கொதித்த குழம்புச் சட்டியை ஒரு பச்சைத் துணியால் பிடித்து இறக்கினாள். அது சங்கவியின் பள்ளிப் பாவாடை. வளர்மதிக்கு அது தெரியும். வருட ஆரம்பத்தில் அதற்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அவள் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு வாசனையாக இருக்கிறது என்று பரிமளாவிடம் சொல்லிவிட்டு மகளோடு வெளியே வந்தாள்.

வெயில் அடித்தது. வீடு பக்கத்தில்தான், ஆனால் வளர்மதி வீட்டுக்குள் போகாமல் புளியமரத்தடிவரைக்கும் நடந்தாள். அங்கே நின்றுகொண்டு, மகளைப் பார்க்காமல் பேசினாள்.

"நீ சொன்னது நெசந்தான். மறந்துதான் போவேனாட்டம் இருக்குது."

அனுசியா அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே சொல்தான். எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டால் போதும், வேலை இல்லாத பெரியவளும், மூக்கில் தழும்போடு அவளும், ஊர் சிரிக்கச் சிரிக்க அந்த வீட்டிலேயே இருந்துவிடலாம்.

"இருந்தாலும் எழுதிரு கண்ணு" என்றாள் வளர்மதி. "நான் மறந்தாலும் போச்சாது, பரவால்ல. மறந்துட்டா எனக்கு வலி தெரியாதில்ல? முட்டை அடுக்கி அடுக்கி என்ற கை எப்படி இருக்குதுன்னு பாரு. உங்கப்பன் முதுகைப் பாத்திருக்கிற. உன்ற மூஞ்சியோட ஒருத்தி, சுத்தமான கையோட, நாலு பேரு எந்திரிச்சு நிக்கற மாதிரி இருப்பா. அது போதும் எனக்கு."

"நான்?"

வளர்மதி புடவை முந்தானையை விரித்து, மகளின் தலையில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு, வீடுவரைக்கும் அப்படியே நடத்திக் கூட்டிவந்தாள்.

திங்கட்கிழமை காலை பெரிய அனுசியா சின்னவளுக்குத் தலைவாரிவிட்டாள். பின்னல் ஒருபக்கம் கோணிக்கொண்டதால் பிரித்து மறுபடி பின்னினாள்.

"எழுதட்டுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"எனக்குத் தெரியலை."

"உனக்கு எதுதான் தெரியும்?"

பெரியவள் யோசித்தாள். "இந்த வீட்டுல இருக்க எனக்குப் புடிச்சிருக்கு. அது தெரியும். நீ எப்படி எழுதினாலும் உன் மேல எனக்குக் கோபம் வராது. அதுவும் தெரியும். வேற எதுவும் தெரியலை."

வளர்மதி அன்று பண்ணைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். பள்ளிவரைக்கும் கூட வந்தாள். வழியில் மகளுக்கு ஒரு புது பென்சில் வாங்கிக் கொடுத்தாள், கடைக்காரரிடமே சீவியும் வாங்கினாள். பள்ளி வாசலில் மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, நெற்றியிலிருந்து தாடைவரை, தழும்பு உட்பட, ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். மனப்பாடம் செய்கிறவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவள் முகம். பிறகு கைகளை எடுத்துக்கொண்டாள்.

பூட்டியிருந்த பத்தாம் வகுப்பை அனுசியாவுக்காகத் திறந்திருந்தார்கள். பெஞ்சுகளில் தூசி படிந்திருந்தது. அங்கமுத்து ஒரு பெஞ்சைத் துடைத்து, விடைகள் எழுதிய அட்டையை அவள் இடது பக்கம் வைத்து, "நிதானமா எழுது, நேரம் நிறைய இருக்குது" என்றார். கோயமுத்தூர் தேர்வுக்காரரும் வந்திருந்தார். அவர் தாளைக் கொடுத்துவிட்டு அருகிலேயே நின்றார். "ஏம்மா, எதையாச்சும் கேக்கணும்னா கேளு" என்றார். அனுசியா எதுவும் கேட்கவில்லை. வெளியே தாயின் நிழல் ஜன்னல் கம்பிக்குக் கீழே தெரிந்தது, அது நகரவில்லை.

முதல் கேள்வியைப் படித்தாள். அட்டையைப் பார்த்தாள். அட்டையில் இருந்த விடையை நிரப்பினாள். கடைசிக் கேள்விவரை அப்படியே நிரப்பினாள். எதையும் அழிக்கவில்லை, எதையும் விடவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு, அம்மா நின்றிருந்த பக்கம் போகாமல், பின்வாசல் வழியாக பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.